கடலோர வீட்டுக்கு எந்த உயர்ரக ஹெட்ஃபோன்?

கேள்வி இதுதான்: கீழக்கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு. கையில் சென்ஹைசர் எச்.டி. 650 இருக்கிறது. துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) ஊருக்கு வரும்போது எச்.டி. 800 எஸ், ஆடிஸி எல்.சி.டி.-எக்ஸ், ஃபோக்கல் உட்டோப்பியா மூன்றில் ஒன்றை வாங்கி வருவார். ஜப்பானிலிருந்து பழைய ஸ்டாக்ஸ் எஸ்.ஆர்.-009 ஒன்றும் அதற்குரிய ஆம்ப்போடு (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) விலைக்கு வந்திருக்கிறது. கேட்பது பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளும் எண்பதுகளின் திரைப்பாடல்களும். அறையில் ஏ.சி. கிடையாது, மின்விசிறிதான். எதை எடுப்பது, எது எப்படி ஒலிக்கும்?

பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எச்.டி. 800 எஸ் எடுங்கள், எச்.டி. 650-ஐ விற்காதீர்கள். திரைப்பாடலுக்குக் கேட்டவுடன் பிடித்துப்போவது எல்.சி.டி.-எக்ஸ்தான். ஆனால் அதன் 612 கிராம் எடையையும், காதைச் சுற்றி உட்காரும் தோல் மெத்தையையும் (பேட்) நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் தாங்குவது கஷ்டம். உட்டோப்பியா மிக நல்ல கருவி, அறிமுகமான விலையே 800 எஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நான்கிலும் நுட்பமாக ஒலிப்பது ஸ்டாக்ஸ். உப்புக்காற்று நேராக அடிக்கும் வீட்டில் அதை வாங்க வேண்டாம் என்பேன்.

கையில் உள்ள 650-யையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 2003-இல் வந்த மாடல். அதன் பலம் குரல். ஆண் குரலோ பெண் குரலோ, தொண்டையிலிருந்து வருவது போலவே வரும், மூக்கடைத்தோ மெலிந்தோ ஒலிக்காது. அடிநாதம் (பாஸ்) சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்துவிடும். மேல் சுரங்கள் சற்று மழுங்கல். இசை முழுவதும் தலைக்கு அருகிலேயே, காதிலிருந்து அரை முழத்துக்குள் நடக்கும். இந்த நான்கு விஷயங்களில் மற்றவை எங்கே விலகுகின்றன என்று பார்த்தாலே ஒப்பீடு முடிந்துவிடும்.

800 எஸ் முதலில் விலகுவது இடத்தில். 2009-இல் வந்த எச்.டி. 800-இன் திருத்திய வடிவம் இது, 2016-இல் வந்தது. 56 மி.மீ. வளைய வடிவ டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்), காதுக்கு நேர் பக்கவாட்டில் இல்லாமல் சற்று முன்னால், சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒலி காதுமடலின் மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பி உள்ளே போவதால் எதிரிலிருந்து வருவது போன்ற உணர்வு கிடைக்கிறது. கச்சேரிப் பதிவில் இது தெளிவாகத் தெரியும். மேடையில் பாடகருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம் உட்காருவது வழக்கம். எதிரே அமர்ந்து கேட்பவருக்கு வயலின் வலப்புறமும் மிருதங்கம் இடப்புறமும் வரும். அந்த அமைப்பை மதித்துச் செய்த பதிவாக இருந்தால், 650-இல் மூவரும் ஒரே பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தது போலிருக்கும். 800 எஸ்ஸில் அவர்களுக்கு இடையே காலி இடம் இருப்பது காதுக்குத் தெரியும். கடம் சேர்ந்தால் அது மிருதங்கத்துக்குப் பின்னால் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்றுகூடப் பல பதிவுகளில் சொல்லிவிடலாம். கோயிலில் நேரடியாகப் பதிவான நாகசுரத்தை இதில் கேட்டால், ராமேஸ்வரத்து மூன்றாம் பிரகாரத்தில் ஒலி ஓடித் திரும்பி வருமே, அதைப் போன்ற எதிரொலி தேய்ந்து முடியும் வரை கேட்கும்.

இதன் குறை 6 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. பழைய 800-இல் அங்கே ஒரு கூர்மையான மேடு இருந்தது. 'ச', 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் காதைக் குத்தும். வயலினில் வில் உரசுவது சுரத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். 800 எஸ்ஸில் அந்த அலைவரிசையை உறிஞ்சும் ஓர் அறையை டிரைவரின் நடுவில் வைத்துத் தணித்துவிட்டார்கள். தணிந்தது, அடியோடு போகவில்லை. இதைச் சோதிக்கத் தம்புரா போதும். தம்புராவில் நூல் வைத்து ஜீவா பிடிப்பதே மேல் நாதங்களை எழுப்பத்தான். நல்ல ஹெட்ஃபோனில் அந்த ரீங்காரம் ஒரே துணியாக விரியும். 6 கிலோஹெர்ட்ஸில் மேடு இருந்தால் அந்தத் துணியில் ஓர் இழை மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும்.

எண்பதுகளின் திரைப்பாடல்களில் நிலைமை வேறு. அவற்றில் பல டேப்பில் பதிவானவை, பிறகு கேசட்டிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ எடுத்த பிரதிகளாகவும் உலவுகின்றன. 800 எஸ் டேப்பின் இரைச்சலையும், பிரதி எடுத்தவர் சேர்த்த செயற்கை எதிரொலியையும் ஒளிக்காமல் காட்டிவிடும். 128 கே.பி.பி.எஸ். அளவுக்குச் சுருக்கிய எம்.பி. 3 என்றால் ஜால்ரா ஒலி தண்ணீர் தெறிப்பது போலச் சலசலக்கும். அந்தப் பாடல்களுக்கு 650-யே மேல். அதனால்தான் விற்காதீர்கள் என்றேன். ஒரே பாடலின் சி.டி. பிரதி கிடைத்தால் அதைத் தேடி எடுங்கள். ஹெட்ஃபோனை மாற்றுவதைவிடப் பிரதியை மாற்றுவது அதிகம் கேட்கும்.

எல்.சி.டி.-எக்ஸ் பிளேனர் வகை. 106 மி.மீ. அகல மெல்லிய படலத்தின் மீதே கம்பித் தடம் பதிந்திருக்கும். காந்த வரிசைகள் அதை அசைக்கும். அடிநாதம் சரியாமல் ஆழம் வரை நேராக இறங்கும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி நகர்த்தும்போது வரும் கும்கியை இதில் கேளுங்கள். 650-இல் கும்கியின் மேல்பாதி மட்டும் கிடைக்கும், 800 எஸ்ஸில் முழு வடிவமும் மெல்லிசாக. எல்.சி.டி.-எக்ஸில் அது வயிற்றில் இறங்கும். எண்பதுகளின் பாடல்களில் பாஸ் கிட்டார் ஒரு தனிப் பாடகர் போல நடந்து வருவது இதில்தான்.

ஆனால் 3 முதல் 4.5 கிலோஹெர்ட்ஸ் வரை இதில் ஒரு பள்ளம் உண்டு. குரல் ஓர் அடி பின்னால் போய் நிற்கும். நாகசுரத்தின் கூர்மை குறைந்து இதமாகப் படும். சிலருக்கு அது சுகம், நாகசுரத்தை மண்டபத்தில் கேட்டுப் பழகியவருக்குப் பொய்யாகத் தோன்றும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில்தான் இந்தப் பள்ளம் அப்பட்டமாகத் தெரிகிறது. தோலின் நடுவே கரணை என்ற கருஞ்சாந்தைப் பூசுவதால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி கிடைக்கிறது, சாதாரணத் தோல் வட்டத்தில் ஒழுங்கின்றிச் சிதறும் மேல் நாதங்கள் அங்கே அடிப்படை நாதத்தின் முழு மடங்குகளாக அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920-இலேயே எழுதியிருக்கிறார். சாப்பு என்ற அடி விழுந்ததும் 'ணங்' என்று நிற்பது அந்த நாதங்கள்தான். அந்த ஓசையின் விளிம்பு, விரல் பட்ட கணத்தின் கூர்மை, எல்.சி.டி.-எக்ஸில் ஒரு போர்வைக்குள் போய்விடும். நல்லவேளை, பிளேனர் டிரைவர் ஈக்வலைசருக்கு (அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் மென்பொருள்) நன்றாக வளைந்து கொடுக்கும். 4 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபெல் ஏற்றி, அகலம் குறிக்கும் க்யூ மதிப்பை 1.5 வைத்து, அதிலேயே மொத்த ஒலியளவைக் குறிக்கும் ப்ரீஆம்பை -4.5 டெசிபெல் இறக்கினால் போர்வை விலகும்.

விலக்க முடியாதது எடை. 800 எஸ் 330 கிராம், எல்.சி.டி.-எக்ஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதன் அகலமான பேட் கன்னத்தோடு ஒட்டி அடைத்தால்தான் அந்த அடிநாதம் கிடைக்கும். ஒட்டினால் வியர்க்கும். வியர்வையைத் துடைக்கக் கழற்றிக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் பேட் வேறு இடத்தில் உட்காரும், ஒலியும் மாறும். 800 எஸ்ஸின் துணி பேட் பெரிதாக, காதைத் தொடாமல் சுற்றி உட்காரும். சித்திரை வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை.

உட்டோப்பியா 2016-இல் வந்தது. குவிமாடம் சுத்தமான பெரிலியம்; எடை மிகக் குறைவு, விறைப்பு மிக அதிகம். ஓசை தொடங்கும் கணத்தை இது காட்டும் விதம் மற்ற மூன்றிலும் இல்லை. மானாமதுரைக் கடத்தில் விரல்நுனி படுவதும் உள்ளங்கை படுவதும் இரண்டு வெவ்வேறு வாத்தியம் போலப் பிரிந்து விழும். விரிவில் 800 எஸ்ஸுக்குப் பின்தான், 650-யைவிடச் சற்று அகலம். தனி ஆவர்த்தனம் மட்டுமே கேட்பவர் என்றால் இதையே சொல்லியிருப்பேன். எடை 490 கிராம், பேட் தோல் வகை.

கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது எல்லோரையும் ஏமாற்றுவது ஒலியளவு. சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதாகத் தோன்றும். 1 டெசிபெல் வித்தியாசமே போதும், 'இதில் விவரம் அதிகம்' என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். இந்த மூன்றுக்கும் இடையே இருப்பதோ மலைபோன்ற வித்தியாசம். 1 வோல்ட் கொடுத்தால் 800 எஸ் 102 டெசிபெல், 650 ஏறக்குறைய 103. உட்டோப்பியாவின் மின்தடை 80 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 104 என்று கொடுத்திருக்கிறார்கள். வோல்ட் கணக்குக்கு மாற்றினால் 115. எல்.சி.டி.-எக்ஸ் 20 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 103; வோல்ட் கணக்கில் 120. அதாவது குமிழைத் தொடாமல் 800 எஸ்ஸைக் கழற்றி எல்.சி.டி.-எக்ஸை மாட்டினால் 18 டெசிபெல் கூடிவிடும். யார்தான் மயங்கமாட்டார்கள்! எனவே லேப்டாப்பில் 800 எஸ்ஸை 0 என்று வைத்துக்கொண்டு, உட்டோப்பியாவுக்கு -13, எல்.சி.டி.-எக்ஸுக்கு -18 என்று டிஜிட்டலில் இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். பிறகு 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வெட்டிய பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு, அரை டெசிபெல் அரை டெசிபெல்லாகக் காதாலேயே சரிசெய்யுங்கள். முழு அலைவரிசை இரைச்சலை வைத்துச் சரிசெய்தால் பாஸ் அதிகமுள்ள ஹெட்ஃபோன் கணக்கைக் குழப்பிவிடும்.

கேட்கும் வரிசையும் முக்கியம். ஒரு ஹெட்ஃபோனில் 20 நிமிடம் கேட்டுவிட்டு அடுத்ததை மாட்டினால், அடுத்தது முதல் இரண்டு நிமிடம் தப்பாகவே ஒலிக்கும். மூளை முந்தையதற்குப் பழகியிருக்கும். 30 விநாடிப் பகுதி ஒன்றை வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் தனியாக அரை மணி நேரம் கேளுங்கள். முதலாவது வித்தியாசம் எங்கே என்று காட்டும், இரண்டாவது அந்த வித்தியாசத்தோடு குடித்தனம் நடத்த முடியுமா என்று.

இனி ஆம்ப். மேலே சொன்ன எண்களிலேயே விடை இருக்கிறது. கச்சேரிப் பதிவில் சராசரியைவிட உச்சங்கள் மிக உயரமாக எழும். 110 டெசிபெல் உச்சம் வரை இடம் விட்டு வைப்பது நல்லது. 800 எஸ்ஸுக்கு அதற்கு 2.5 வோல்ட் வேண்டும், மின்திறன் 21 மில்லிவாட்தான். எல்.சி.டி.-எக்ஸுக்கு 0.32 வோல்ட், 5 மில்லிவாட் போதும். ஆள் கனமானாலும் ஓட்டுவதற்கு எளிது. போனில் செருகும் குட்டி ஆம்ப்பான சாதாரண டாங்கிளே ஓட்டிவிடும். 1 வோல்ட் தரும் டாங்கிளில் 800 எஸ் 102-ஐத் தாண்டாது, ஈக்வலைசருக்காக 6 டெசிபெல் இறக்கினால் 96-இலேயே முட்டிக்கொள்ளும். 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளையில் 4 வோல்ட் தரும் டாங்கிள் இருந்தால் 114 வரை இடம் கிடைக்கும், ஈக்வலைசர் போட்டாலும் 108. அதற்கு மேல் பெரிய ஆம்ப் வாங்குவது அவரவர் விருப்பம். 800 எஸ்ஸுக்கு அது கட்டாயம் என்று சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. உண்மையிலேயே பெரிய ஆம்ப் கேட்பது ஹைஃபைமேன் சுஸ்வாரா போன்றவை: 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபெல், 60 ஓம். 110-ஐத் தொட அரை வாட், ஐந்தரை வோல்ட் வேண்டும்.

ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸையும் (வெளியீட்டு மின்தடை) பாருங்கள். 800 எஸ்ஸின் 300 ஓம், 100 ஹெர்ட்ஸை ஒட்டி இரட்டிப்பாக ஏறும். 100 ஓம் அவுட்புட் உள்ள வால்வு ஆம்ப்பில் மாட்டினால் அந்த இடத்தில் 1.2 டெசிபெல் போல ஒரு மேடு விழும். மெலிந்த பாஸுக்கு அது நல்லதாகவே படும், பலர் 'வால்வின் வெதுவெதுப்பு' என்று புகழ்வதில் ஒரு பங்கு இதுதான். அதே ஆம்ப்பில் 20 ஓம் எல்.சி.டி.-எக்ஸை மாட்டினால் ஆறில் ஒரு பங்கு மின்னழுத்தம்தான் போய்ச் சேரும். சேர்க்கக் கூடாத ஜோடி.

800 எஸ்ஸுக்கான ஈக்வலைசர் எண்கள்: 100 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ளதையெல்லாம் சேர்த்து ஏற்றுவது) +5 டெசிபெல், க்யூ 0.7, தேவைப்பட்டால் 5.8 கிலோஹெர்ட்ஸில் -3 டெசிபெல், க்யூ 3, ப்ரீஆம்ப் -5.5. விண்டோஸில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. இலவசம், ஆண்ட்ராய்டில் பவர்ஆம்ப்பின் பாராமெட்ரிக் ஈக்வலைசர் போதும். ப்ரீஆம்பை இறக்க மறந்தால் மிருதங்கத்தின் உச்சத்தில் கரகரப்பு வரும், ஹெட்ஃபோன் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். கச்சேரிக்கு +3 போதும். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினால் இதுபோல் வெளிப்பக்கம் வலையாகத் திறந்திருக்கும் ஹெட்ஃபோனுக்குள் அதன் தாழ்ந்த இரைச்சல் நேராக வந்து பாஸை மூடிவிடும், அதற்காகத்தான் +5. விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள், காற்று வலைமீது அடித்தால் டிரைவரே லேசாக நடுங்கும்.

ஸ்டாக்ஸை ஏன் வேண்டாம் என்றேன் என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் 009-ஐக் கேட்ட எவரும் அதை எளிதில் மறப்பதில்லை. சில மைக்ரான் மெல்லிய படலம், இருபுறமும் துளையிட்ட உலோகத் தகடு. படலத்துக்கு 580 வோல்ட் நிலையான மின்னேற்றம். பாடலின் மின்னழுத்தம் தகடுகளில் ஏறி இறங்க, படலம் முழுவதும் ஒரே சீராக அசையும். தம்புராவின் அந்த ஒரே துணி இதில்தான் கிழிசல் இல்லாமல் விரியும். இந்த அமைப்பு நிற்பதே படலத்தின் மின்னேற்றம் கசியாமல் இருப்பதில். உப்பும் ஈரமும் காப்புப் பரப்பில் படிந்தால் மின்னேற்றம் மெல்ல மெல்ல வழிந்துவிடும். அறிகுறிகள்: போட்டுப் பத்து இருபது நிமிடத்தில் ஒரு பக்கம் சத்தம் குறைவது, பாட்டு இல்லாதபோதே 'உஸ்' என்றோ மெல்லிய சீழ்க்கை போலவோ கேட்பது. உலர்ந்த பெட்டியில் சில நாள் வைத்தால் சரியாகலாம், திரும்ப வரும். தலையில் அழுத்தி மாட்டும்போது 'பட்' என்று படலம் ஒட்டி விலகும் ஓசை மட்டும் கோளாறு இல்லை, அதன் இயல்பு. ஆம்ப் ஓடும்போது ஸ்டாக்ஸைத் திறந்து பார்க்கும் வேலையே வேண்டாம்.

ஜப்பானிலிருந்து வரும் ஸ்டாக்ஸ் ஆம்ப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். பின்பக்கம் 100 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். தனி ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். துபாயில் அந்தச் சிக்கல் இல்லை, அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் சதுர முனை மூன்று, மாற்றி கிடைக்கும்.

உப்பு எல்லா ஹெட்ஃபோனுக்கும் பகைதான், ஸ்டாக்ஸுக்கு மட்டும் இல்லை. வாலிநோக்கத்துப் பாத்தியில் இறுகும் அதே உப்பு காற்றில் பொடியாக வந்து வலையிலும் முனைகளிலும் படிகிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர் இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே நீர் இழுக்கத் தொடங்கும். அதனால் பெட்டியில் போட்டு உலர்த்தினால் மட்டும் போதாது, படிந்த உப்பைத் துடைத்தெடுக்க வேண்டும். தென்கடல் கொந்தளிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழக்கரைப் பக்கம் உப்புப் படிவு அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அப்போது பிரச்சினை பூஞ்சை. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு வாடைக்காற்றும் மழையும் ஒன்றாக வரும், அவர்கள் அந்த மூன்று மாதம் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

கேட்டு முடித்ததும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெளிச்சட்டத்தையும் தலைப்பட்டையையும் ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். வலையின் மேல் ஈரத்துணி போக வேண்டாம், மென்மையான தூரிகை போதும். அரை மணி நேரம் விசிறிக்கடியில் ஆறவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள். வியர்வையோடு மூடினால் பெட்டியே பூஞ்சை வளர்க்கும் இடமாகிவிடும். பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ரப்பர் வளையம் வைத்த 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, 250 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கட்டும். 30-க்குக் கீழே போனால் தோல் பேட்டும் பசையும் விறைக்கும். ஜெல் பச்சையானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம். ஓவன் இல்லையென்றால் இரும்புச் சட்டியில் சிம்மில் கிளறி நிறம் திரும்பும் வரை. புகைய விடக் கூடாது, அந்தச் சட்டியில் பிறகு சமைக்கவும் கூடாது. வெயிலில் காயவைத்தால் முழுதாக மீளாது. அரிசி போடாதீர்கள், அதன் தூசி டிரைவருக்குள் போகும்.

மலிவான ஈரப்பதமானிகள் பத்து சதவீதம்கூடத் தப்பாகக் காட்டும். அதைச் சரிபார்க்க உப்பே உதவும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு, சில சொட்டுத் தண்ணீர். உப்பு ஈரமாக வேண்டும், கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் ஒரு ஜிப் பையில் காற்றுப் போகாமல் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். மானி 69 காட்டினால் இனி எப்போதும் ஆறு கூட்டிக்கொள்ளுங்கள்.

பேட் விஷயம். செயற்கைத் தோலில் பூசியிருக்கும் பாலியூரிதேன் ஈரத்தால் சிதைந்து சருகுபோல உரியும், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் உரியும். அசல் தோலில் பூஞ்சை பூக்கும். துணி பேட் அழுத்தம் வாங்கித் தட்டையாகும். தட்டையானால் காது டிரைவருக்கு அருகில் போய் ஒலியே மாறும். உங்கள் 650-இல் பேட் மாற்றி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால், 800 எஸ்ஸோடு ஒப்பிடும் முன் புதுப் பேட் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது பழைய பஞ்சோடு. 650-இன் துணி பேட்டைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் அலசி, பிழியாமல் துண்டில் அழுத்தி, நிழலில் முழு ஒரு நாள் காயவைக்கலாம். எல்.சி.டி.-எக்ஸின் பேட் ஒட்டுப் பசையில் நிற்பது, அடிக்கடி உரிக்க முடியாது.

ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டால் டிரைவர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பத்தில் எட்டு முறை முனைதான். கேபிள் முனையில் பச்சை பூத்திருக்கும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பின் ஐந்தாறு முறை செருகிக் கழற்றுங்கள். துருவுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்துவைக்கும். பிளேனரும், 800 எஸ், உட்டோப்பியா போன்ற டைனமிக் வகையும் பெரும்பாலும் நியோடிமியம் காந்தம்தான். மேல் பூச்சில் கீறல் விழுந்தால் உப்பு உள்ளே புகுந்து காந்தத்தை அரிக்கும். கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒரு காந்தத்தைக் கடல் மணலில் துழாவிப் பாருங்கள், கருந்துகள்கள் மீசைபோல ஒட்டிவரும். அதில் ஒன்று பிளேனர் டிரைவருக்குள் போனால் படலம் அசையும்போதெல்லாம் 'சர்' என்று உரசும், எடுப்பது பெரும்பாடு.

மின்சாரத்தில் இரண்டு சொல்ல வேண்டும். ஹெட்ஃபோனில் 'ர்ர்ர்' என்ற இரைச்சல் வந்து, விசிறி வேகத்தை மாற்றினால் அதுவும் மாறுகிறது என்றால், குமிழ் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் காரணம். படி படியாக நிற்கும் கெபாசிட்டர் வகையை மாட்டினால் போய்விடும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் 'ம்ம்' என்ற ஓசை நிற்கிறது என்றால் எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் போனபோது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். அந்த நேரத்துக்கு டாங்கிளே மேல்.

காக்கா கடையில் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றை ஒலியை மிதமான அளவில் ஓடவிடுவது. எங்காவது 'பர்ர்' என்று அதிர்ந்தால் டிரைவரில் முடியோ துகளோ இருக்கிறது, அல்லது ஏதோ தளர்ந்திருக்கிறது. வேறு பெட்டி கேட்க வேண்டும். இரண்டு, மோனோவாக மாற்றிய ஒரு குரல் பதிவு. குரல் மூக்குக்கு நேரே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனை இடவலம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்ஃபோனிலோ ஆம்ப்பிலோ. மாறாமல் அதே காதில் நின்றால் அது கேட்பவர் காது. மூன்று, கேபிளை இரண்டு முனையிலும் லேசாக ஆட்டிப் பார்ப்பது. பெட்டிக்குள் 4.4 மி.மீ. கேபிளும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் வந்தால் 4 வோல்ட் டாங்கிள் வாங்கியதன் பலன் கிடைக்காது.